வெள்ளிக்கிழமை டப்பா

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணிக்குக் காரைக்குடியில் அந்தத் தெருவில் ஒரு குஞ்சு குளுவானைக்கூடக் காணோம். அத்தனை பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மார்ச் மாதம் டிவிக்காரர்கள் சென்னையிலிருந்து வந்து, கண்டனூரில் ஒரு பெரிய வீட்டைத் திறக்கச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போன ‘சொன்னது சரிதானா’ நிகழ்ச்சி அன்றைக்குத்தான் வருகிறது. எட்டு ஜோடிகள் கலந்துகொண்ட போட்டி அது. ஆனால் கைதட்டுவதற்கென்று உட்காரவைத்த இருநூறு பேரும், தாங்கள்தான் நிகழ்ச்சியையே தூக்கி நிறுத்தியதுபோல வெளியூர்ச் சொந்தங்களுக்கெல்லாம் கடிதம் போட்டிருந்தார்கள். நம் ஆட்களுக்கு டிவியில் அரை நிமிஷம் தலை தெரிந்தால் போதும், அந்த வருஷம் மழை பெய்யாவிட்டாலும் பரவாயில்லை.

சகாயம்மாள் அடுத்த வீட்டு வள்ளிக்கண்ணுவின் கூடத்தில் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளை டிவி, கேபிள் கிடையாது. வள்ளிக்கண்ணுவின் புருஷன் முத்தையா பொற்கொல்லர்; வீட்டில் கலர் டிவி உண்டு, கேபிளும் உண்டு. சகாயம்மாள் சர்ச்சில் பூசை முடிந்து நேரே இங்கே வந்துவிட்டாள். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப் பேர் டிவியைப் பார்த்தார்கள், பாதிப் பேர் இவளைப் பார்த்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. இன்றைக்கு டிவியில் வரப்போகிறவர்களில் அவள் கணவர் தைரியநாதனும் ஒருவர். அவர் செத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சாவு வீட்டில் சகாயம்மாள் அழவில்லை. கல்லறையிலும் அழவில்லை. முப்பதாம் நாள் பூசையில் அவள் மகள் கிறிஸ்டி மயங்கி விழாத குறையாக அழுதபோது, இவள் மகளின் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று சிலர் சொன்னார்கள். அழுதுவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொன்னார்கள். அவளுக்கு இரண்டும் காதில் விழுந்தன. எதற்கும் கோபம் வரவில்லை.

சகாயம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. சாக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஊர் அவளைச் ‘சத்துணவு டீச்சர்’ என்றுதான் கூப்பிடும். அரிசி அளந்து போடுவது, பருப்பு வேகிறவரை அடுப்படியில் நிற்பது, எண்பது பிள்ளைகளும் தட்டை வழித்துத் தின்றுவிட்டு எழுந்திருக்கும் வரை அங்கே இங்கே நகராமல் இருப்பது என்று பதினாறு வருஷமாக அதே வேலை. சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளையை அவளுக்குப் பிடிக்காது. காய்ச்சலா, வீட்டில் சண்டையா என்று துருவித் துருவிக் கேட்டு, தின்னவைத்துவிட்டுத்தான் விடுவாள். அவள் கைக்குழம்புக்கு நல்ல பேர் உண்டு. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லையென்று சொன்னால் அது பொய்.

தைரியநாதன் கூட்டுறவுச் சங்கத்தின் குடோனில் எழுத்தர். வாயில்லாப் பூச்சி. வீட்டில் அவர் பேச வேண்டியதையும் சேர்த்து சகாயம்மாளே பேசிவிடுவாள். காலை ஏழு மணிக்கு அவள் கட்டிக்கொடுக்கும் சோற்று டப்பாவைப் பையில் வைத்து, சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பி வரும், கழுவாமல். குழம்பு காய்ந்து ஒட்டிப்போய், ஒரு கறிவேப்பிலையும் ஒட்டிக்கொண்டு வரும். “ரெண்டு சொம்புத் தண்ணி ஊத்திக் கழுவுனா கை தேய்ஞ்சா போகும்?” என்று அவள் திட்டாத நாளே கிடையாது. இருபது வருஷமாக அவள் திட்டினாள், இருபது வருஷமாக அவர் கழுவவில்லை.

அந்த வருஷம் ஜனவரியில் அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் சினைப்பையில் கட்டி என்றார்கள். மாத்திரை எழுதிக்கொடுத்து, மே மாதம் மறுபடி பார்ப்போம், கரையாவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். மாத்திரை கொஞ்சம் வீரியமானது, வெறும் வயிற்றோடு மட்டும் இருக்கவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். சகாயம்மாள் பயந்தாள், ஆனால் பயத்தை வெளியில் காட்டுவது அவள் வழக்கமில்லை. தைரியநாதன் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிப்ரவரி கடைசியில் தபசு காலம் தொடங்கியது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் கறி மீன் கிடையாது. அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பகல் சோற்றை விட்டு ஒருசந்தி இருப்பவர்களும் உண்டு. சகாயம்மாளும் வருஷா வருஷம் இருப்பாள். இந்த வருஷம் டாக்டர் சொன்னதால் இருக்கவில்லை. அதில் அவளுக்கு மனக்குறைதான்.

அந்தச் சமயத்தில்தான் டிவிக்காரர்கள் வருகிற சேதி வந்தது. கிறிஸ்டி யாரையும் கேட்காமல் அப்பா அம்மா பேரை எழுதித் தபால் கார்டு போட்டுவிட்டாள், தேர்வாகியும் விட்டது. முதல் பரிசு கிரைண்டர். இட்லிக்கு ஆட்டி ஆட்டிச் சகாயம்மாளுக்குத் தோள்பட்டை கழன்றுபோயிருந்தது. தபசு காலத்தில் கூத்தும் கும்மாளமுமா என்று தைரியநாதன் தயங்கினார். பங்குச் சாமியாரே சிரித்துக்கொண்டு போய்வரச் சொன்ன பிறகு அவருக்குச் சாக்கு இல்லாமல் போனது.

படம் பிடித்தது தபசு காலத்தின் மூன்றாம் வெள்ளி, பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த வீடு கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற வீடு. தூசி தட்டவே இரண்டு நாள் ஆனதாம். மனைவிமாரைப் பின்கட்டில் அடுப்படிப் பக்கம் உட்காரவைத்து, கணவன்மாரை ஒவ்வொருவராக உள்முற்றத்துக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு கேள்வி கேட்டார்கள். தேக்குக் கதவு, இங்கே பேசுவது அங்கே கேட்காது. ஊர்ச்சனம் முகப்பில் இருந்தது. அப்புறம் ஜோடிகளை முகப்பு மேடைக்கு அழைத்து, மனைவியிடம் அதே கேள்வியைக் கேட்டு, இருவர் பதிலும் ஒன்றா என்று பார்ப்பார்கள். முதல் கேள்வியிலேயே தவறினால் அத்தோடு சரி.

முதல் கேள்வி, இன்றைக்கு மதியம் கணவர் என்ன சாப்பிட்டார் என்பது. சகாயம்மாளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கிரைண்டர் வீட்டுக்கே வந்துவிட்டது என்று நினைத்தாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், அப்பளம் என்று மைக்கில் கணீரென்று சொன்னாள். தொகுப்பாளினிப் பெண் தன் கையிலிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அதில் எழுதியிருந்தது: ‘ஒன்றும் சாப்பிடவில்லை.’

முகப்பே சிரித்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடுகிறவள் புருஷனைப் பட்டினி போட்டுவிட்டாளே என்று பின்வரிசையில் யாரோ சத்தமாகச் சொல்ல, இன்னொரு தடவை சிரித்தது. அவர்களுக்கு ஆறுதல் பரிசாக ரோஸ் கலரில் ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். அதை யார் வாங்குவது என்று தெரியாமல் தைரியநாதன்தான் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சகாயம்மாள் அவருடைய பையைத் திறந்து பார்த்தாள். டப்பா காலியாக இருந்தது. சோப்பு வாசனை வரக் கழுவியிருந்தது. போன வெள்ளிக்கிழமையும் டப்பா கழுவித்தான் வந்தது, அதற்கு முந்தைய வெள்ளியும் அப்படித்தான். அப்போது, பரவாயில்லையே, மனுஷர் திருந்திவிட்டார் என்று நினைத்திருந்தாள். இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. சோற்றைக் கொட்டிவிட்டு, தடயம் தெரியாமல் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, தபசு காலத்து வெள்ளிக்கிழமையில் ஏதோ மெஸ்ஸில் உட்கார்ந்து கறி தின்றிருக்கிறார். கேமரா முன்னால் கறி என்று சொன்னால் சாமியார் வரைக்கும் போய்விடும். அதனால் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லி, அவள் மானத்தை இருநூறு பேர் முன்னால் வாங்கிவிட்டார்.

கேட்டாள். எப்படிக் கேட்டாள் என்பதைத் தெருவே கேட்டது. தைரியநாதன் வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்து நின்றார்.

“நான் கறி திங்கலை, சகாயம். ஈஸ்டர் கழியட்டும், சொல்றேன்.”

“ஈஸ்டர் கழிச்சு என்ன, புதுக் கதை கட்டவா? எங்கையால பொங்குனது உங்களுக்கு இறங்கலையில்ல. இனிமே நான் டப்பா கட்ட மாட்டேன். எங்க பிடிக்குதோ அங்குட்டே போய்த் தின்னுக்கங்க.”

சொன்னதைச் செய்தாள். மறுநாளிலிருந்து டப்பா பரணுக்குப் போனது. ராத்திரிச் சோறு மட்டும் வைத்தாள், அதுவும் பேசாமல். அவர் சத்தம் போட்டிருந்தால் நாலு நாளில் இறங்கியிருப்பாள். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மூன்று வாரம் போனது. ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு அன்றைக்குக் கோயிலில் கொடுத்த ஓலையில் சின்னதாக ஒரு சிலுவை முடைந்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். மறுநாள் திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் குடோனில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. சங்கத்து வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். குளிப்பாட்டுவதற்கு யாரோ அந்த ரோஸ் வாளியில்தான் தண்ணீர் இறைத்தார்கள்.

அன்றிலிருந்து சகாயம்மாளுக்கு உடம்பெல்லாம் மரத்துப்போனது. பள்ளிக்கூடத்துக்குப் போனாள், அரிசி அளந்தாள். உப்புப் பார்க்கும்போது உப்பு இருக்கிறதா என்று நாக்குக்குத் தெரியவில்லை. சமையல் ஆயாவைப் பார்க்கச் சொன்னாள். மே மாதம் கிறிஸ்டியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனாள். கட்டி கரைந்துவிட்டது, ஆபரேஷனே தேவையில்லை என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். கிறிஸ்டி அழுதாள். சகாயம்மாள், அடுத்த காரைக்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

நிகழ்ச்சி வருகிற தேதி தெரிந்ததும், பார்க்க வேண்டாம் என்று கிறிஸ்டி கெஞ்சினாள். சகாயம்மாள் கேட்கவில்லை. முகத்தைப் பார்க்கும் ஆசையால் இல்லை. முகம் போட்டோவில் இருக்கிறது. தேக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கறி தின்றுவிட்டுப் பொய் சொல்லியிருந்தால் நல்லது. கோபப்பட்டது நியாயம் என்று ஆகும். செத்த மனுஷரை மன்னித்துவிட்டு மிச்ச நாளைத் தள்ளிவிடலாம். அப்படி இல்லையென்றால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடம் மரத்துக் கிடந்தது.

டிவியில் பாட்டோடு ஊர் வந்தது. கண்டனூர் வீடு நேரில் இருப்பதைவிட இரண்டு பங்கு பெரிதாகத் தெரிந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைக் கேமரா தடவித் தடவிக் காட்டியது. வெளியே தேங்கிக்கிடந்த சாக்கடையை விட்டுவிட்டது. நம்ம ஊர் இவ்வளவு அழகா என்று வள்ளிக்கண்ணு ஆச்சரியப்பட்டாள். முத்தையாவின் தலை தெரிந்ததும் கூடமே அவர் பக்கம் திரும்பியது. அவருக்கு ஒரே வெட்கம். பிறகு மூன்று ஜோடிகள் வந்து போயின.

நாலாவதாகத் தைரியநாதன் வந்தார். நீலக்கலர் முழுக்கைச் சட்டை. உள்முற்றத்தில் தூணோரம் ஒரு நாற்காலி, எதிரே அந்தத் தொகுப்பாளினிப் பெண்.

மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். வீட்டில் சண்டையா என்று கேட்டாள். தைரியநாதன் சிரித்தார்.

“சண்டையெல்லாம் இல்ல தாயி. தபசு காலம். வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருக்கேன். ஒரு வேண்டுதல்.”

“உங்க மனைவிக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா அவளும் கூட இருந்துருவா. மாத்திரை சாப்பிடுற உடம்பு, அவ பட்டினி கிடக்கக் கூடாது. அதான் டப்பாவை வாங்கிட்டு வந்துருவேன். எங்க வாட்ச்மேன் இருளாண்டி சாப்பிட்டுட்டுக் கழுவிக் குடுத்துருவாரு.”

என்ன வேண்டுதல் என்று அந்தப் பெண் விடாமல் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அதைச் சொல்லக் கூடாது என்றார். மே மாதம் மதுரையில் தெரிந்துவிடும் என்று மட்டும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, கேமரா பக்கத்தில்தான் இருக்கிறது என்பதையே மறந்தவராகக் கேட்டார்.

“மேடையில வச்சு இதை அவகிட்ட சொல்லிராதீக தாயி.”

“சார், டிவியில போடுவோமே. அப்பப் பார்த்துருவாங்களே.”

“அது பரவாயில்ல. அதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும்.”

அடுத்தது மேடை. சகாயம்மாள் தன்னையே பார்த்தாள். புளிக்குழம்பு என்று கணீரென்று சொல்கிறாள். அட்டை திரும்புகிறது. சனம் சிரிக்கிறது. டிவியில் இருக்கிற சகாயம்மாள் கழுத்தைத் திருப்பிப் புருஷனை முறைக்கிறாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லேசாகச் சிரிக்கிறார். அப்புறம் சோப்பு விளம்பரம் வந்தது.

கூடத்தில் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கிறிஸ்டி எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். வள்ளிக்கண்ணு வந்து சகாயம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதாவது அழுதுவிடுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவளும்தான் காத்திருந்தாள். வரவில்லை. தான் நினைத்தது அத்தனையும் தப்பு என்று தெரிந்தது, கட்டி எதனால் கரைந்ததென்று அவர் நம்பியிருப்பார் என்பதும் தெரிந்தது. தெரிந்ததெல்லாம் வெளியிலேயே நின்றது. உள்ளே எதுவும் இறங்கவில்லை.

“வெள்ளிக்கிழமை சரி,” என்றாள். “நான்தான் மூணு வாரம் டப்பாவே கட்டலையே. மத்த நாளு என்னத்தத் தின்னாக?”

வள்ளிக்கண்ணு டிவி சத்தத்தைக் குறைத்தாள். டிவியில் ஐந்தாவது ஜோடி வந்தது. முதல் பரிசு கிரைண்டரை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை சகாயம்மாள் பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள். தூசி தட்டிக் கழுவி, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, பொரியலை மூடியில் வைத்தாள். சாக்கோட்டைக்குப் போகிற வழியில் குடோன் வாசலில் இறங்கினாள். இருளாண்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், மெலிந்த மனிதர். இவளைக் கண்டதும் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவரும் நேற்றுப் பார்த்திருக்கிறார். சாரு சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார், சாவுக்கு வந்தபோதும் அந்தச் சத்தியத்தை எப்படி மீறுவது என்று தெரியவில்லை என்று தானாகவே சொன்னார். அவள் அதற்காக வரவில்லை. வள்ளிக்கண்ணுவிடம் கேட்டதையே இவரிடமும் கேட்டாள்.

இருளாண்டி கையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்.

“மத்த நாளு மெஸ்ஸுக்குப் போங்க சாருன்னு நானும் சொல்லிப் பார்த்தேன்மா. வெளிச்சோறு வேணாம்னுட்டாக. ஒரு டீ குடிப்பாக, அம்புட்டுத்தான். நான் கொண்டாந்த கஞ்சியக் குடுத்தாலும் வாங்க மாட்டாக. வேண்டுதலுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் பத்தாதுன்னு சகாயமே மிச்ச நாளையும் சேர்த்துக் குடுத்துட்டான்னு சொல்லிச் சிரிப்பாக.”

சகாயம்மாள் தலையை ஆட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை எத்தனை கரண்டி வேண்டும் என்று சொல்லும்போது ஆட்டுவாளே, அதே மாதிரி. சைக்கிள் நிறுத்துகிற இடம் காலியாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பையிலிருந்து டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கத் தயங்கினார்.

“வெண்டைக்காய்ப் புளிக்குழம்புதான். சாப்பிட்டுருங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்.”

“சரிம்மா. கழுவி வச்சிர்றேன்.”

“வேணாம்,” என்றாள் சகாயம்மாள். “கழுவாமக் குடுங்க.”